மருந்து நிறுக்க ஒரு தராசு

தமிழில் வைத்தியர் மடித்துக் கொடுப்பதும் மருந்துதான், துப்பாக்கியில் கெட்டிப்பதும் மருந்துதான். நான் பாண்டிச்சேரியில் படித்த பிரெஞ்சுப் பள்ளியிலும் இப்படித்தான். ‘பூத்ரு’ என்றால் முகத்துக்குப் போடும் பவுடரும் ஆகும், பீரங்கிக்குப் போடும் வெடிமருந்தும் ஆகும். இரண்டு மொழியும் எப்படி ஒரே இடத்துக்கு வந்தன என்று சிறுவயதில் யோசித்ததுண்டு. எழுபத்தைந்து வயதில், என் மனைவியின் செந்தூரத்தை நிறுக்கத் தராசு தேடியபோது அந்த யோசனை திரும்ப வந்தது. கணினியில் பேரன் காட்டிய சின்னத் தராசுகளில் பாதிக்கு மேல் தோட்டா படம் போட்டிருந்தது!

அமெரிக்காவிலும் ஐரோப்பாவிலும் குறி பார்த்துச் சுடும் விளையாட்டுக்காரர்கள், சுட்டுத் தீர்ந்த தோட்டாக் கூட்டைத் தாங்களே மறுபடி நிரப்பிக்கொள்கிறார்களாம். மருந்து அளவு மீறினால் துப்பாக்கி கையிலேயே வெடித்துவிடக்கூடும். அதனால் அவர்களுக்கென்றே பொடித் தராசு செய்து விற்கிறார்கள். நம் நாட்டில் 1959-ஆம் ஆண்டு ஆயுதச் சட்டப்படி உரிமம் இல்லாமல் அந்த வேலையில் கை வைக்க முடியாது. ஆனால் தராசுக்கு அதெல்லாம் தெரியுமா? அதற்கு எந்த மருந்தானாலும் மருந்துதான்.

எனக்கு ஏன் இந்தத் தேடல் வந்தது என்பதைச் சொல்லிவிடுகிறேன். என் மனைவிக்குச் சென்ற ஆண்டு ரத்தச் சோகை. ஹீமோகுளோபின் எட்டரைக்கு இறங்கி, நாலு படி ஏறினால் மூச்சு வாங்கியது. இரும்புச் சத்து மாத்திரை அவளுக்கு ஒத்துக்கொள்ளவில்லை. ஊரில் எங்களுக்கு நாற்பது வருடமாகப் பழக்கமான சித்த வைத்தியர் ஒருவர் இருந்தார். அவர் காலமான பிறகு அவர் மகன், முறையாகக் கல்லூரியில் சித்த மருத்துவம் படித்தவர், வைத்தியம் பார்க்கிறார். அன்னபேதிச் செந்தூரம் வேளைக்கு ஒரு குன்றி எடை, நெய்யில் குழைத்து, காலை மாலை என்று எழுதிக் கொடுத்தார். மூன்று மாதம் பார்ப்போம், ஏறாவிட்டால் பெரிய ஆஸ்பத்திரியில் ஊசிதான் என்றும் சொன்னார்.

பெரிய வைத்தியர் இருந்தவரை இந்தப் பிரச்சினையே கிடையாது. பித்தளைத் தராசில் நிறுத்து, செய்தித்தாளைக் கிழித்து, வேளைக்கு ஒரு பொட்டலமாக மடித்தே கொடுப்பார். இப்போது செந்தூரம் பத்து கிராம் புட்டியில் வருகிறது. நாங்கள் வாங்கிய கடையில் இருந்த பையனிடம் ‘ஒரு குன்றி எடை எப்படி எடுப்பது’ என்று கேட்டால், ‘ஒரு சிட்டிகை போதும் தாத்தா’ என்றான். அவளும் சிட்டிகையாக எடுத்துச் சாப்பிட்டாள். சில நாள் ஒன்றும் தெரியாது. சில நாள் வயிற்றைப் பிசைந்துகொண்டு உட்கார்ந்திருப்பாள். இரும்பு சும்மா விடுமா?

நான் முப்பத்து மூன்று வருடம் அரசாங்க எழுத்தர். அதில் பெரும்பகுதி எடையளவு முத்திரை ஆய்வாளர் அலுவலகத்தில். தராசில் முத்திரை குத்துவது ஆய்வாளர். எந்தக் கடையில் எந்தத் தராசு, எப்போது முத்திரை, எவ்வளவு கட்டணம் என்று பதிவேட்டில் ஏற்றுவது நான். ஆகவே ‘ஒரு சிட்டிகை’ என்ற சொல்லைக் கேட்டதும் எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது.

முதலில் குன்றி எடை என்பது என்ன? சித்த மருத்துவப் புத்தகங்களில் இப்போது ஒரே வாய்பாடாக வைத்திருக்கிறார்கள். ஒரு உளுந்து எடை 65 மில்லிகிராம், ஒரு குன்றி 130, ஒரு மஞ்சாடி 260. அதாவது இரண்டு உளுந்து ஒரு குன்றி, இரண்டு குன்றி ஒரு மஞ்சாடி. துப்பாக்கிக்காரர்களின் தராசில் ‘ஜி என்’ என்று ஒரு பொத்தான் இருக்கும். அது கிரெய்ன், ஆங்கிலேயரின் தானிய எடை. அது எவ்வளவு தெரியுமா? 64.8 மில்லிகிராம். நம் உளுந்துக்கும் அதற்கும் வித்தியாசம் மயிரிழைதான்! அவர்கள் வாற்கோதுமையை வைத்தார்கள், நாம் உளுந்தை வைத்தோம். பழைய தோலா 180 கிரெய்ன். பிரெஞ்சுக்காரர்களுக்கும் பழைய காலத்தில் ஒரு ‘கிரேன்’ இருந்தது, ஆனால் அது 53 மில்லிகிராம்தான். நல்லவேளை, அதை அவர்களே ஒழித்துவிட்டார்கள்.

சரி, நிஜமான குன்றிமணியையே எடைக்கல்லாக வைக்கலாமே என்று நீங்கள் கேட்கலாம். பிள்ளையாருக்குக் கண் வைக்க வாங்கியதில் மிச்சம் இருபது மணி வீட்டில் இருந்தது. பின்னால் நல்ல தராசு வந்தபோது ஒவ்வொன்றாக நிறுத்துப் பார்த்தேன். சின்னது 86 மில்லிகிராம், பெரியது 134. சராசரி 110. ஆகவே அது ஆகாது. (பேரப்பிள்ளைகள் உள்ள வீட்டில் குன்றிமணியை எடுத்து எட்டாத இடத்தில் வையுங்கள். மென்று விழுங்கினால் கொடிய விஷம்.)

இனி தராசு. பேரன் பழைய நாணயம் சேர்ப்பவன். அவனிடம் உள்ளங்கை அகலத்தில் ஒரு தராசு இருந்தது. அரைக் கிலோ வரை நிறுக்கும், கிராமில் நூறில் ஒரு பங்கு வரை காட்டும். ஐந்து ரூபாய் நாணயத்தை வைத்தால் சரியாக 6.00 காட்டியது. 2011-இல் வந்த ரக ஐந்து ரூபாயின் எடை அதுதான். அவனுக்கு ஒரே பெருமை. ஒரு பொட்டலத்தை நான் மூன்று தடவை வைத்து எடுத்தேன். 0.12, 0.14, 0.11. நாணயத்துக்கு அந்தத் தராசு போதும். ஒரு குன்றிக்குப் போதாது. கடைசி இலக்கம் ஒன்று தள்ளாடினாலே 130-இல் 10 போய்விடுகிறது. அரைக் கிலோ தாங்கும் தராசிடம் ஒரு குன்றியை நிறுக்கச் சொல்வது, லாரி நிறுக்கும் மேடையில் தக்காளியை வைப்பது மாதிரி.

‘அப்ப ஆயிரத்தில் ஒரு பங்கு காட்டுறதை வாங்கிடலாம் தாத்தா’ என்றான். வாங்கலாம்தான். ஆனால் காட்டுவது வேறு, சரியாகக் காட்டுவது வேறு. திரையில் எத்தனை இலக்கம் வேண்டுமானாலும் போடலாம், அதற்குச் செலவு கிடையாது. எங்கள் அலுவலகத்தில் தராசுகளை நாலு வகுப்பாகப் பிரிப்போம். ஆய்வுக்கூடத்துக்கு முதல் வகுப்பு, நகைக்கு இரண்டாவது, மளிகைக்கு மூன்றாவது, மணல் ஜல்லிக்கு நாலாவது. மின்னணுத் தராசென்றால் கடைக்காரர் ஆண்டுக்கு ஒரு முறை முத்திரை போட்டாக வேண்டும். பழைய தட்டுத் தராசுக்கு இரண்டு ஆண்டு. வீட்டில் மருந்து நிறுக்க முத்திரை தேவையில்லை. அதனால்தான் நமக்கு யாரும் உத்தரவாதமும் தருவதில்லை. நாமே சோதித்துக்கொள்ள வேண்டியதுதான்.

இந்தச் சின்னத் தராசுகளின் வயிற்றில் இருப்பது ஒரு அலுமினியக் கட்டை. பாரம் வைத்தால் அது கண்ணுக்குத் தெரியாத அளவு வளையும். அதன்மேல் ஒட்டிய மெல்லிய கம்பிச் சுருள் அதோடு நீண்டு, அதன் மின்தடை மாறும். அந்த மாற்றத்தைத்தான் கிராமாக்கிக் காட்டுகிறது. வெயில் ஏறினால் அந்தக் கட்டையும் மாறும். விரலால் ஒரு அழுத்து அழுத்தினால் கட்டை நிரந்தரமாகக் கோணிக்கொள்ளும். ஆய்வுக்கூடத் தராசில் காந்தத்தால் தாங்கும் வேறு ஏற்பாடு இருக்கிறது. அதன் விலை என் ஓய்வூதியத்துக்கு அடங்காது.

இன்னொன்று. தட்டுத் தராசு கல்லோடு பொருளை ஒப்பிடுகிறது. மின்னணுத் தராசு பூமி இழுக்கும் விசையை அளக்கிறது. பாரிஸில் பூமி கொஞ்சம் கூடுதலாக இழுக்கும், நம் பக்கம் கொஞ்சம் குறைவு. பாரிஸில் சரிசெய்த தராசைச் சென்னைக்குக் கொண்டுவந்து அப்படியே வைத்தால், 100 கிராம் கல்லுக்கு 99.73 என்றுதான் காட்டும். அதனால் வாங்கிய உடனே, வாங்கிய ஊரில், கூடவே வரும் கல்லை வைத்துச் சரிசெய்ய வேண்டும். இதைச் சொன்னபோது என் நண்பர் ஒருவர், ‘அப்ப நம்ம தணிகை மலைமேலே கொண்டுபோய் நிறுத்தா குறையுமா?’ என்றார். குறையும். ஆனால் 365 படி ஏறிப் போய் ஒரு குன்றியை நிறுத்தாலும் இந்தத் தராசுக்கு அந்த வித்தியாசம் தெரியாது.

தராசு விஷயத்தில் எனக்குக் குரு லவுவாசியே. பள்ளியில் எங்கள் மொசியே அவர் பெயரைச் சொல்லும்போதே குரலைத் தாழ்த்துவார். ரசாயனத்தைத் தராசின்மேல் உட்காரவைத்தவர் என்பது எல்லோரும் படித்தது. அவர் பிழைப்புக்குப் பார்த்த வேலைகளில் ஒன்று பலருக்குத் தெரியாது. 1775-இல் பிரான்சின் வெடிமருந்து இலாகாவை நடத்த நியமிக்கப்பட்ட நால்வரில் அவரும் ஒருவர். வங்காளத்து வெடியுப்பு ஆங்கிலேயர் கைக்குப் போய்விட, பிரான்சில் மருந்துக்குப் பெரிய தட்டுப்பாடு. பாரிஸில் ஆயுதச் சாலையிலேயே குடியிருந்து, அங்கேயே சோதனைச்சாலையும் வைத்து, அக்காலத்தின் மிக நுட்பமான தராசுகளைச் செய்வித்துக்கொண்டார். கிராம் என்ற புதிய எடைமுறைக்கான வேலையிலும் இருந்தார். அது சட்டமாவதற்கு முந்தைய ஆண்டு, 1794 மே 8-ஆம் தேதி, அவர் தலையைக் கில்லட்டினில் வெட்டிவிட்டார்கள். வெடிமருந்தும் தராசும் கிராமும் ஒரே மனிதர் மேசையில் இருந்திருக்கின்றன. அந்தக் கிராம் நம் கடைகளுக்கு வர 1958 ஆயிற்று. நான் பள்ளியில் கிராமில் கணக்குப் போட்டுவிட்டு, கடைக்குப் போய்ப் பலத்திலும் சேரிலும் சாமான் வாங்கிய தலைமுறை.

அதே எடைமுறைக் குழுவில் போர்தா என்று ஒருவர். கப்பற்படைக்காரர். எனக்கு வழி காட்டியவர் அவர்தான். தராசு பொய் சொன்னாலும் நிஜத்தை வாங்கிவிட அவர் பெயரில் ஒரு உபாயம் உண்டு. பொருளை ஒரு தட்டில் வைத்து, மறு தட்டில் மணலைப் போட்டுச் சமன் செய். பிறகு பொருளை எடுத்துவிட்டு, அதே தட்டில் எடைக்கற்களை வைத்து மறுபடி சமன் செய். எந்தக் கல் அந்த மணலுக்கு ஈடாகிறதோ அதுதான் பொருளின் எடை. தராசின் கை கோணலாக இருந்தாலும் கவலையில்லை, இரண்டு தடவையும் ஒரே கோணல்தானே.

மின்னணுத் தராசுக்கும் இது அப்படியே பொருந்தும். ஆகவே நான் தராசுக்குச் செலவழிக்க நினைத்த பணத்தில் ஒரு பங்கைக் கல்லுக்கு ஒதுக்கினேன். சின்னத் தகடுகளாக வரும் மில்லிகிராம் எடைகள். முக்கோணத் தகடு ஒன்று, பத்து, நூறு. நாற்கோணம் இரண்டு, இருபது, இருநூறு. ஐங்கோணம் ஐந்து, ஐம்பது, ஐந்நூறு. எழுத்துத் தேய்ந்தாலும் வடிவம் சொல்லிவிடும். எம் 1 என்ற வகுப்பு எடைகளில் நூறு மில்லிகிராம் கல்லில் அரை மில்லிகிராமுக்கு மேல் பிசகு இருக்கக் கூடாது என்பது விதி. நூறும் இருபதும் பத்தும் சேர்ந்தால் ஒரு குன்றி ஆயிற்று. கையால் தொடக் கூடாது, விரல் பிசுக்கும் எடைதான். ஒரு சிறு இடுக்கி போதும்.

தராசு, இருபது கிராம் வரை நிறுக்கி ஒரு மில்லிகிராம் வரை காட்டுவதாக வாங்கினேன். காற்றைத் தடுக்கக் கண்ணாடி போன்ற மூடி உள்ளது, தட்டு உலோகம். பிளாஸ்டிக் தட்டென்றால் பொடி ஒட்டிக்கொண்டு வராது. விலை இரண்டாயிரத்துக்குள். எந்தக் கம்பெனி என்று கேட்காதீர்கள். ஒரே தராசு பத்துப் பெயரில் வருகிறது. வந்த அன்றே நூறு மில்லிகிராம் கல்லைப் பத்துத் தடவை வைத்து எடுத்துப் பாருங்கள். ஒவ்வொரு தடவையும் ஒன்றிரண்டு மில்லிகிராமுக்குள் அதே எண்ணைச் சொன்னால் வைத்துக்கொள்ளலாம். 103 என்றே பத்துத் தடவையும் சொன்னால்கூடப் பரவாயில்லை, போர்தா பார்த்துக்கொள்வார். 97, 104, 100 என்று அலைந்தால் திருப்பி அனுப்பிவிடுங்கள். எங்களுக்கு முதலில் வந்தது அலைந்தது. இரண்டாவது நின்றது. இருபது கிராம் கல்லை வைத்து ‘சரியாக இருக்கிறது’ என்று திருப்திப்படுவது, பெரிய மகனைப் பார்த்துவிட்டுச் சின்ன மகனுக்குப் பெண் கொடுப்பது போல. எந்த எடையை நிறுக்கப்போகிறோமோ அந்த எடையில்தான் சோதிக்க வேண்டும்.

ஒரு தந்திரத்தை மட்டும் தெரிந்துகொள்ளுங்கள். இந்தத் தராசுகள் சும்மா இருக்கும்போது தாமாகவே பூஜ்யத்தைப் பிடித்து நிற்கும்படி செய்திருக்கிறார்கள். தட்டை வைத்து, பூஜ்யமாக்கி, பொடியைத் துளித்துளியாகத் தட்டினால், ‘இது வெறும் சலனம்’ என்று நினைத்து அந்தத் துளிகளை விழுங்கிவிடும். நீங்கள் இருபது மில்லிகிராம் போட்டிருப்பீர்கள், அது பூஜ்யத்திலேயே இருக்கும். பூஜ்யமாக்காமல், தட்டின் எடை திரையில் தெரியும்படி விட்டு அதன்மேல் கூட்டுங்கள். அப்போது விழுங்காது. மற்றபடி ஐந்து நிமிடம் முன்பே போட்டு வைப்பது, ஆடாத மேசை, செல்பேசியைத் தள்ளி வைப்பது, மின்விசிறியை நிறுத்துவது. கடைசியாகச் சொன்னது திருத்தணியில் சித்திரை மாதத்தில் எளிதல்ல.

‘ஜி என்’ பொத்தானை அடுத்து ‘டி எல்’ என்று ஒன்று இருக்கும். அதைத் தோலா என்று நினைத்து நகையை நிறுக்க வேண்டாம். அது சீனர்களின் தேல், ஏறக்குறைய முப்பத்தேழரை கிராம். தோலா 11.66 கிராம்தான்.

தராசு கைக்கு வந்ததும் நான் செய்த முதல் காரியம், மனைவியைக் கூப்பிட்டுப் பத்துச் சிட்டிகை எடுக்கச் சொன்னது. மிகக் குறைந்தது 92 மில்லிகிராம். மிக அதிகம் 304. காகிதத்தில் எழுதிக் காட்டினேன். ஈரக் கை, உலர்ந்த கை, நகம் வெட்டிய நாள், வெட்டாத நாள் என்று அதற்கும் காரணம் சொன்னாள். வயிறு வலித்த நாட்களுக்கு அதில் விடை இருந்தது. ஞாயிற்றுக்கிழமை காலை பதினாலு பொட்டலம் மடிக்கிறேன். பெரிய வைத்தியர் மாதிரி செய்தித்தாளில் அல்ல, பேரனின் வரைதாளில். வயிற்று வலி இரண்டாவது வாரமே நின்றது. மூன்றாம் மாதம் ரத்தப் பரிசோதனையில் பத்தே கால். ஊசியை வைத்தியர் தள்ளிப் போட்டிருக்கிறார்.

தராசு சும்மா இருக்கும்போது வீட்டில் எல்லாம் அதன்மேல் ஏறி இறங்கின. அவள் தன் அம்மாவின் மூக்குத்தியைக் கொண்டுவந்தாள். கல் இல்லாத தங்கப் பொட்டு. அவள் பிறந்தபோது திருத்தணி சித்தூர் மாவட்டம். 1960 ஏப்ரல் 1-ஆம் தேதிதான் இங்கே வந்து சேர்ந்தது. ஊர் நகராமலே மாநிலம் மாறியவள். வீட்டில் பாதித் தெலுங்கு, குன்றிமணிக்கு இன்றும் ‘குரிவிந்த’ என்றுதான் சொல்வாள். அவள் அப்பாவின் கணக்கு நோட்டில் ‘மூக்குத்தி 9 குன்றி’ என்று எழுதியிருக்கிறது. வைத்தேன். 1.092 கிராம். ஒன்பதால் வகுத்தால் 121 மில்லிகிராம்.

‘என்னங்க, குன்றின்னா நூத்து முப்பதுன்னீங்களே’ என்றாள்.

தோலாவை 96 ஆகப் பிரித்து ஒரு பங்கை வடக்கே ரத்தி என்பார்கள். அதுவும் குன்றிமணிதான். கணக்குப் போட்டால் 121 மில்லிகிராமும் ஒரு அரையும். அந்தத் தட்டார் தோலாக் கணக்கில் நிறுத்திருக்கிறார். வைத்தியர் குன்றி வேறு, தட்டார் குன்றி வேறு என்று விளக்கினேன்.

‘அப்ப நான் சாப்பிடறது எந்தக் குன்றி?’

இந்தக் கேள்விக்கு என்னிடம் பதிவேடு இல்லை. அன்று மாலையே சின்ன வைத்தியரிடம் போனேன். சிரித்தார். ‘நூத்து முப்பதுதான் ஐயா. நூத்திருபதா இருந்தாலும் ஒண்ணும் ஆகாது. முந்நூறு ஆகாம பாத்துக்குங்க’ என்றார். பிறகு மேசை இழுப்பறையைத் திறந்து அவர் அப்பாவின் பித்தளைத் தராசை எடுத்தார். கல் எல்லாம் இருந்தது, பட்டுக் கயிறு மட்டும் இற்றுப்போயிருந்தது. அதன் குன்றிக் கல்லை வாங்கிக்கொண்டு வந்து நிறுத்தேன். 128.